பொழுதோட ஊசி வேண்டாம்

கலாமணியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை வந்துவிட்டால், பழகிய தோஷத்தில் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. பல்லடம் ரோட்டில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரிக்கு எதிரே நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், ஊர் வாயில் அது பாய் கடை. அந்த ஆஸ்பத்திரியில் கலாமணிக்கு ஒரு நீளமான பதவிப் பெயர் உண்டு. அட்டையில் அச்சடித்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சுருக்கமாகச் சொன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வயதானவர்களை அந்தந்த ஊரில் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்சுகளிடம் ஒப்படைப்பது அவர் வேலை. உள்ளபடி சொன்னால், வழியில் அகப்படும் அத்தனை பேரிடமும் சண்டை போடுவது.

என்னிடமும் போட்டிருக்கிறார். அவிநாசியிலிருந்து வரும் ஒரு கிழவிக்கு வழக்கமான கம்பெனி மாத்திரை இல்லையென்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தேன். மருந்து ஒன்றுதான், நிறம்தான் வேறு. மறுநாள் கடை நிறைய ஆள் நிற்கும்போது கலாமணி வந்தார். அந்த அம்மா நிறத்தைப் பார்த்து மாத்திரை விழுங்குகிறவர், பழைய மஞ்சளையும் விழுங்கிப் புது வெள்ளையையும் விழுங்கினால் நீங்கள் வந்து பார்ப்பீர்களா என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கலாமணி பிறந்தது குன்னத்தூர்ப் பக்கம். கல்யாணம் ஆகித் திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்துத் துணியைத் திருப்பி அனுப்புகிற வேலை. டெய்லர்கள் எல்லோரும் சேர்ந்து, ஒன்று இந்த அம்மா இருக்க வேண்டும் இல்லை நாங்கள் இருக்க வேண்டும் என்று ஓனரிடம் போய் நின்றார்களாம். ஆர்டர் நெருக்கும்போது ஓனர் யாரை வைத்துக்கொள்வார்? அங்கிருந்து ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கு வந்தார், வந்த இடத்தில் இந்தப் பதவியும் வந்தது. வீட்டுக்காரர் அயர்ன் மாஸ்டர். ரொம்ப அமைதியான மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். அவர் பேச இடம் கிடைக்காதவர் என்பது என் அபிப்பிராயம்.

துணியைத் திருப்பி அனுப்பிய அதே கையால் இப்போது நோயாளிகளை டாக்டரிடமே திருப்பி அனுப்புகிறார். டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார். கலாமணிக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கும். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், கக்கூஸ் எந்தப் பக்கம், மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று கேட்பார். மகன் கொடுப்பான் என்று சொன்னால், மகன் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று அடுத்த கேள்வி வரும். திருப்பூரில் இதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? ஒன்றரை ஷிப்டு பார்க்கிற ஊர் இது. பகலில் போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வீடு கிழவனும் கிழவியும் டிவியும்தான் இருக்கும்.

கலாமணியின் தீராத பகை முனீஸ். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். பொங்கலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் முதியவர்களை வீட்டில் போய்ப் பார்க்கிற ஒரு சமூகக் குழுவில் நர்சாக இருந்தான். புண் கட்டுவது, ஊசி போடுவது, டியூப் மாற்றுவது எல்லாம் அவன் வேலை. வேலை தெரிந்தவன், ஆனால் வாய் சும்மா இருக்காது. தூக்க முடிந்த வரை தூக்கி, முடியாததை எங்கள் தலையில் போடுகிறீர்கள் என்று கலாமணியிடம் போனிலேயே சொன்னவன். நோயாளி வீடு திரும்புகிற தகவலை, அவர் வீடு சேர்ந்த பிறகு சொல்கிற ஆஸ்பத்திரியை அவன் இங்கேதான் பார்க்கிறானாம். அதற்கு கலாமணி, மூன்று தடவை போன் அடித்தால்தான் எடுக்கிற நர்சை அவர் இங்கேதான் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. பேசுவதைக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி அளந்து பேசுவார்கள். எனக்கு முனீஸையும் பிடிக்காது. மருந்து வாங்க வந்தால் வண்டியைச் சரியாக என் கடை வாசலை மறித்து நிறுத்துவான்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வந்து மாட்டினார் மருதாசலம்.

எண்பதை நெருங்கிய மனிதர். பொங்கலூர் தாண்டி உள்ளே தோட்டம், தோட்டத்திலேயே வீடு. சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே மகன் அருள்செல்வன், டவுனில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பெரியவருக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும். பார்வை மங்கி, கையும் நடுங்குவதால் அவராகப் போட்டுக்கொள்ள முடியாது. இரண்டு வேளையும் முனீஸ் போய்ப் போட்டுக்கொண்டிருந்தான். சளியும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் வந்து படுத்தவர், வார்டில் ஒருத்தரையும் நிம்மதியாக விடவில்லை. கஞ்சியில் உப்பில்லை என்று பாத்திரத்தைத் தள்ளிவிட்டார். பெட்ஷீட் மாற்ற வந்த பெண்ணை, தொடாதே என்று விரட்டினார். கலாமணிக்கு அவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

அருள்செல்வனுக்கு வேறு கணக்கு இருந்தது. அந்தத் தோட்டத்தில் நிட்டிங் ஷெட் போட வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா இருக்கும்வரை ஒரு தென்னையைக் கூட வெட்ட முடியாது. கோயமுத்தூர் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்து வைத்துவிட்டார். ஏசி, டிவி, வேளா வேளைக்குச் சாப்பாடு. வார்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: இந்த ஒரு தடவை தோட்டத்துக்கு அனுப்புகிறேன், இன்னொரு தடவை ஏதாவது ஆனால் நேராக இல்லம்தான். பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்கே கொண்டுபோவதற்குப் பதில் இங்கேயே ஒரு ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னார். கலாமணி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க உங்க தோட்டத்துலயே இருப்பீங்க அய்யா. அது என்ர பொறுப்புங்க" என்றார்.

டிஸ்சார்ஜ் அன்று நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பெரியவருக்குக் கிட்னி கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், அதனால் இரண்டு ஊசியில் ஒன்றை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். டாக்டர் அதைப் பெரியவரிடம் சொல்லவில்லை. எந்த டாக்டரும் பெரியவர்களிடம் சொல்வதில்லை, கூட வந்தவரிடம்தான் சொல்வார்கள். சொல்வதற்குள் அருள்செல்வன் மருந்து வாங்க என் கடைக்கு வந்துவிட்டார். காதில் ஒரு குமிழ் மாட்டிக்கொண்டு, கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கைப் பற்றி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். கலாமணி ரோட்டைக் கடந்து பின்னாலேயே வந்து, என் கடைப் படியில் நின்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"பொழுதோட ஊசி வேண்டாமுங்க. மத்ததெல்லாம் எப்பவும் போலத்தான்."

அருள்செல்வன் தலையாட்டினார். சரிங்க, சரிங்க என்று இரண்டு தடவை சொன்னார். அதே படியில் நின்றபடி கலாமணி முனீஸுக்குப் போன் போட்டு அதே வார்த்தைகளைச் சொன்னார். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டர் எழுதிய காகிதம் எங்கே என்று அவன் கேட்டிருக்கிறான். மகனிடம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் போடுவார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். காகிதம் அருள்செல்வனின் காரிலேயே தங்கிவிட்டது. எல்லோர் காகிதமும் எல்லோர் காரிலும்தான் தங்குகிறது, அதில் புதிதாக ஒன்றுமில்லை.

சில நாள் பெரியவர் தாக்குப்பிடித்தார். பிறகு ஒருநாள் காலையில் பால் எடுக்க வந்த பெண் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பதில் இல்லை. கட்டிலில் உடம்பு நனைய வியர்த்து, வாய் ஒரு பக்கம் கோணி, கண் திறந்தபடி கிடந்திருக்கிறார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்கு வந்து, குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் ஆளை அடையாளம் கண்டுகொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும் என்று டாக்டரே சொன்னார்.

யார் தப்பு என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. நிறுத்தச் சொன்ன ஊசியை நிறுத்தாமல் போட்டவன் முனீஸ். அவன் குடித்திருப்பான் என்றார்கள். தெற்கத்தி ஆட்களை வீட்டுக்குள் விட்டால் இப்படித்தான் என்றும் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் வீட்டில் சமையல் செய்வதும் கம்பெனியில் துணி தைப்பதும் தெற்கத்தி ஆட்கள்தான், அது வேறு விஷயம். தோட்டத்துக்குப் பெரியவரின் துணிமணி எடுக்கப் போன முனீஸை அருள்செல்வன் சட்டையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். எல்லோரையும்விட அதிகமாகப் பேசியது கலாமணி. படித்துப் படித்துச் சொன்னேன், காது என்ன செவிடா அவனுக்கு என்று என் கடையில் நின்று கத்தினார். அன்று அவர் குரல் பஸ் ஹாரனைத் தாண்டிக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து நிர்வாகியின் அறையில் பேச்சுவார்த்தை. இன்சுலின் என் கடையில் வாங்கியது என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மருந்தில் கோளாறு என்று என் தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்று நானும் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். நிர்வாகி சமாதானப் பிரியர். ஆஸ்பத்திரி பெயர் கெடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. முனீஸை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொல்லி எழுதுவோம், உள்ளூர் நர்ஸ் ஒருத்தரை ஏற்பாடு செய்வோம், அருள்செல்வனும் கோபம் தணிந்து அப்பாவைத் தோட்டத்துக்கு விடுவார் என்று கலாமணியிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். கலாமணிக்கு இதைவிட என்ன வேண்டும்? பிடிக்காதவன் போவான், பெரியவர் தோட்டத்தில் இருப்பார், கொடுத்த வாக்கும் நிற்கும். ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தார். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் இல்லாமல் பேச மாட்டேன் என்று பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தார்.

அறையில் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. முனீஸ் கதவோரம் நின்றான். உட்காரச் சொல்ல ஆளில்லை. கழுத்துப் பக்கம் சட்டை கிழிந்ததை ஊசி நூலால் தைத்திருந்தான்.

நிர்வாகி ஆரம்பிப்பதற்குள் கலாமணி முந்திக்கொண்டார்.

"நான் போன்ல என்ன சொன்னேன்? நான் சொன்னதை அப்படியே எல்லாருக்கும் சொல்லுங்க."

"சொல்லுதேன். பொழுதோட ஊசி வேண்டாம், மத்ததெல்லாம் எப்பவும் போலத்தான். இதான் சொன்னீய."

"அப்பறம் எதுக்குங்க போட்டீங்க?"

"பொழுதோட எங்க போட்டேன்? நீங்க சொன்னதுல இருந்து வெளிச்சத்தோட ஒரு நாளும் போடல. நல்லா இருட்டுன பெறவு, அவரு சாப்பிட்டு முடிச்ச பெறவுதான் போட்டேன்."

அருள்செல்வன் சிரித்துவிட்டார். இவனுக்குத் தமிழே தெரியாது போல என்றார். ஆனால் கலாமணி சிரிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இங்கே பொழுதோட என்றால் சாயங்காலம். வேறு அர்த்தமே கிடையாது. பொழுதோட வாங்க என்றால் சாயங்காலம் வாங்க. அவன் ஊரில் பொழுதோட என்றால் பொழுது இருக்கும்போதே, இருட்டுவதற்கு முன்னாலேயே. சாயங்கால ஊசியை நிறுத்து என்று கலாமணி சொல்லியிருக்கிறார். சாயங்கால ஊசியைச் சீக்கிரமாகப் போடாதே, நேரம் கழித்துப் போடு என்று அவன் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு பேரும் சொன்னதும் கேட்டதும் சுத்தமான தமிழ்தான். சாதாரணமாகப் பழகுகிறவர்களாக இருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள், விஷயம் விளங்கியிருக்கும்.

முனீஸ் விடவில்லை. காலையில் சர்க்கரை குறைந்துகொண்டே வருகிறது என்று சொல்ல இரண்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை என்றான். கலாமணி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிர்வாகி அவரை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டிரு, எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். மூடிக்கொண்டிருந்தால் முடிந்தும் இருக்கும்.

"பேரைப் பாத்துட்டுத்தான் எடுக்காம விட்டனுங்க" என்றார் கலாமணி. "இந்த ஆளைக் கண்டா எனக்கு ஆகாதுங்க. இன்னைக்கும் ஆகாது. ஆனா தப்பு என்ர வாயில வந்துதுங்க. சாயங்காலம்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது."

நிர்வாகி தலையில் கை வைத்துக்கொண்டார். அருள்செல்வன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தது போல இருந்தது அவர் முகம். நீங்கள் பேசுவது அவனுக்குப் புரியவில்லை, அவன் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை, உங்கள் இரண்டு பேரை நம்பி என் அப்பாவை எப்படித் தோட்டத்தில் விடுவது என்று கேட்டார். சாயங்காலமே இல்லத்துக்கு வண்டி வரச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.  நான் பெரியவரைப் பார்த்தேன். நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தார். அவர் கலாமணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கம்மா உனக்கு இந்த வாய் என்று எனக்கே கேட்கத் தோன்றியது. அந்தப் பயல் போனால் போகட்டும் என்று விட்டிருந்தால் கிழவர் தப்பித்திருப்பார்.

கலாமணி எழுந்து போய் அருள்செல்வனுக்கு எதிரே நின்றார்.

"உங்களுக்கும் இதே சொல்லைத்தானுங்க சொன்னேன். பாய் கடைப் படியில, உங்க முகத்தைப் பாத்துச் சொன்னேன். அவரு தெக்கத்திக்காரரு, புரியல. நீங்க இந்த ஊர்ல பொறந்தவரு. உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா, இல்லீங்களா?"

அருள்செல்வன் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் மாதம் தவறாத வாடிக்கையாளர். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கலாமணியோடு ஆயிரம் பகை இருக்கட்டும், கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல முடியுமா?

புரிந்தது என்றார் அருள்செல்வன். ஷிப்மென்ட் நெருக்கடி, பையர் ஆள் வந்து உட்கார்ந்திருந்தார், தோட்டத்துக்கு ஒரு போன் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், மறந்துவிட்டது என்றார். மறந்திருக்கலாம். நான் அவர் மனசுக்குள் போய்ப் பார்க்கவில்லை. வேண்டுமென்று ஒருத்தன் செய்ய மாட்டான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அத்தனை நாளில் ஒரு சாயங்காலமாவது, அப்பா, உனக்கு ஊசி நிறுத்தியாகிவிட்டது என்று சொல்ல அரை நிமிஷம் போதும்.

பெரியவர் இப்போது முனீஸைக் கூப்பிட்டு, தன் வேட்டியைச் சரி செய்துவிடச் சொன்னார். அவன் செய்தான். பிறகு கலாமணியின் பக்கம் திரும்பினார்.

"நான் தோட்டத்துக்குத்தான் போறேன் அம்மணி. என்ர ஊடு, என்ர ஒடம்பு. நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கறதா இருந்தா அங்க வந்து என்ர முன்னால அடிச்சுக்குங்க, எனக்கும் காதுல விழுகட்டும்."

 சுயநினைவோடு இருக்கும் மனிதர் எங்கே இருக்க வேண்டும் என்று அவரே சொன்ன பிறகு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அருள்செல்வன் எழுந்து அப்பாவின் பக்கத்தில் போய்க் குனிந்தார். மறந்துதான் போய்விட்டேன் அப்பா, வேண்டுமென்று செய்யவில்லை என்றார்.  அந்த நிமிஷம் அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

பெரியவர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அதனால என்னங்க. உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்குமுங்க. வந்ததே பெருசு. டீ குடிச்சுட்டுப் போங்க."

தொட்டில் குழந்தையைக் கொஞ்சும்போது சொல்வதைத் தவிர, பெற்ற மகனிடம் இந்த ஊரில் யாரும் இப்படி ‘ங்க’ போட்டுப் பேசுவதில்லை. விருந்தாளியிடம் பேசுவார்கள். முனீஸுக்கு அது விளங்கியிருக்காது. கலாமணி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா என்று அருள்செல்வன் ஏதோ ஆரம்பித்தார். பெரியவர் கையை உயர்த்தி, சிரமப்பட வேண்டாமுங்க என்றார். வெளியே நின்ற ஆயாவிடம் வந்தவருக்கு ஒரு டீ சொல்லச் சொன்னார். டீ வந்தது. அருள்செல்வன் நின்றுகொண்டே அதைக் குடித்தார், வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. டம்ளர் காலியாகும்வரை பெரியவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, போயிட்டு வாங்க என்றார்.